கழியில் கூடும் பூநாரைகள்: பெருக்கமா, கூட்டமா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டம் முடிந்து அனைவரும் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்த வேளையில், பெரியவர் ஒருவர் மிக்க மகிழ்ச்சியோடு ஒரு செய்தியைக் கூறினார். “நம் ஐரோலிக் கழியிலே பூநாரைகள் இலட்சக்கணக்கில் பெருகிவிட்டன, தம்பி. தண்ணீர் நன்றாக இருந்தாலன்றோ பறவை பெருகும்? கழி திருந்திவிட்டது என்பதற்கு இதைக் காட்டிலும் வேறென்ன சான்று வேண்டும்?” என்றார். அவருடைய வயதுக்கும் மகிழ்ச்சிக்கும் மதிப்பளித்து, “ஆமாம் ஐயா” என்று கூறி நான் வாளாவிருந்துவிட்டேன். வீடு திரும்பிய பின் அவ்வாறு இருந்தது தவறென்று தோன்றிற்று. அவர் கூறியவை மூன்று. பறவைகள் கூடியுள்ளன என்பது மெய். அவை பெருகிவிட்டன என்பது ஆராயத்தக்கது. கழி திருந்திற்று என்பதோ, வருத்தத்தோடு எழுதுகிறேன், பெரும்பாலும் தலைகீழான செய்தி.

நான் பறவை நூல் வல்லவன் அல்லன். பள்ளியிறுதி வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தர் பணியில் அமர்ந்தவன். எனினும், பயணச்சீட்டுக் கணக்கெழுதியே ஆண்டு பலவற்றைக் கழித்த எனக்கு ஒன்று மட்டும் நன்கு தெரியும். கூட்டம் வேறு, பெருக்கம் வேறு. தாணேயிலிருந்து ஐரோலி வழியாக வாசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 2004-ஆம் ஆண்டு பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று காலை 8 மணி முதல் 10 மணி வரை ஐரோலி நடைமேடையில் காலூன்ற இடமிராது. அக்கூட்டத்தை எண்ணிப் பார்த்து, “ஐரோலியில் பிறப்பு மிகுந்துவிட்டது” என்று எவரும் அறிக்கை எழுதார். வேலை இருக்கும் இடத்துக்கு மக்கள் வருகின்றனர், மாலையில் திரும்புகின்றனர், அவ்வளவே. நம் முன்னோர் திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்து சேர்ந்ததும் இவ்வகையைச் சார்ந்ததே. ஓரிடத்தில் உயிர்களின் தொகை உயர்வதற்கு வழிகள் இரண்டு: அங்கேயே பிறத்தல், பிற இடத்திலிருந்து வருதல். அது தாழ்வதற்கும் வழிகள் இரண்டு: இறத்தல், வெளியேறுதல். இந்நான்கையும் பிரித்தறியாமல் தொகையை மட்டும் நோக்குவோர் ஏமாற்றமடைவர்.

இனிக் கழிக்கு வருவோம். தாணே நகரிலிருந்து தெற்கே மும்பைத் துறைமுகம் வரை ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளும் இவ்வுப்பங்கழியில், பூநாரைகள் பெருந்திரளாக வரத் தொடங்கியது 1990-ஆம் ஆண்டுகளில்தான். முதலில் சிவ்ரியின் சேற்றுத் திடல்களில் அவை காணப்பட்டன. பின்னர் வடக்கு நோக்கிப் பாண்டுப், ஐரோலிப் பகுதிகளிலும் பரவின. கார்த்திகை, மார்கழியில் வரும். வைகாசி முடிவதற்குள், மழை தொடங்குமுன், பெரும்பாலானவை சென்றுவிடும். 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அண்மை ஆண்டுகளில் எடுத்த கணக்கில் அவற்றின் தொகை 1 இலட்சத்தைத் தாண்டிற்று. 2015-இல் மகாராட்டிர அரசு கழியின் ஏறத்தாழ 17 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் இக்கழி ராம்சார் உடன்படிக்கையின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இங்கே வருவனவற்றுள் மிகப் பெரும்பான்மை சிறு பூநாரைகள். எஞ்சியவை பெரும் பூநாரைகள். இவ்விரண்டில் எதுவும் நம் கழியில் முட்டையிடுவதில்லை. இதனைத்தான் பெரியவரிடம் நான் முதலில் கூறியிருக்க வேண்டும். சேற்றைக் குவித்துச் சிறு மேடு கட்டி, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிடுவது பூநாரையின் வழக்கம். குஞ்சு பொரித்தபின் தாயும் தந்தையும் தம் தொண்டையில் ஊறும் பால் போன்ற நீரை ஊட்டி அதனை வளர்க்கின்றன. ஆண்டுதோறும் இது நிகழும் என்ற உறுதியும் இல்லை. மழை தக்க அளவு பெய்து, மேட்டைச் சுற்றி நரியும் நாயும் அணுக முடியாதபடி உப்புநீர் தேங்கியிருந்தால்தான் கூட்டமாகக் கூடு கட்டும். நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் அவ்வாண்டு முயற்சியைக் கைவிட்டுவிடும். நம் நாட்டில் அவற்றுக்குப் பெயர் பெற்ற ஈற்றில்லம் குஜராத்தின் கச்சு ரண் வெளி. மும்பையில் பிறந்த பறவை அறிஞர் சாலிம் அலி 1945-இல் ரண்ணின் பூநாரை நகரத்துக்குச் சென்று, அங்கே ஏறத்தாழ 5 இலட்சம் பறவைகள் இருக்கக்கூடுமென மதிப்பிட்டார். 2022-இல் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நம் கழிப் பறவைகள் சிலவற்றின்மீது துணைக்கோள் வழியே இடமறியும் சிறு கருவிகளைப் பொருத்திவிட்டனர். அவை மழைக்காலத்தில் குஜராத்தை அடைந்ததும், அவற்றுள் மீண்டும் இக்கழிக்கே திரும்பியவை உண்டு என்பதும் அதனால் ஐயமறத் தெரியவந்தது.

ஆக, பிறந்த ஊர் அங்கே, பிழைப்பு இங்கே. நம் குடும்பங்களின் கதையை நினைவூட்டுகிறது அன்றோ?

அவ்வாறாயின் 1990-ஆம் ஆண்டுகளில் திடீரென இங்கே என்ன பிழைப்புக் கிடைத்தது? விடை நறுமணம் உடையதன்று. ஒரு புறம் மும்பை, மறு புறம் தாணே–பேலாப்பூர்த் தொழிற்பேட்டையும் நவி மும்பையும். இவற்றின் கழிவுநீர் பன்னெடுங்காலமாக இக்கழியில் கலந்துவருகிறது. மனிதக் கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி. உழவர் வயலுக்கு இடும் உரத்தில் உள்ளவையும் இவையே. எனவே கழியின் சேற்றுத் திடல் முழுவதும் உரமிட்ட வயலாயிற்று. அவ்வயலில் விளைவது நெல்லன்று. நீலப்பச்சைப் பாசியும், டயாட்டம் என்னும் கண்ணாடி ஓடுடைய நுண்பாசியும். சிறு பூநாரையின் அலகு இதற்கென்றே அமைந்தது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் வைத்து, நாவை உந்துகோல்போல் இயக்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் உள்ளே அமைந்த மெல்லிய வடிகட்டியில் நுண்பாசி தங்கிவிடும். அதன் இளஞ்சிவப்பு நிறமும் அவ்வுணவிலுள்ள நிறப்பொருளால் வந்ததே. மும்பை மாநகரின் சாக்கடைதான் இவ்வழகிய நிறமாக மாறி நம் கண்முன் நிற்கிறது என்றால், வீட்டுப் பெண்டிர் முகம் சுளிப்பர். என் இல்லத்தரசி சுளித்தாள். ஆயினும் உண்மை அதுவே.

இவ்விடத்தில் கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. வந்து சேர்ந்த உரம் ஒன்றே. அதற்கு உயிர்கள் விடையளித்த விதம் மூன்று.

பாசி பிறப்பினால் விடையளித்தது. வெப்பமும் ஒளியும் உரமும் ஒருங்கே வாய்த்தால் நுண்பாசி ஓரிரு நாளில் தன் தொகையை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தாம் இரட்டிப்பில் ஆயிரத்தைக் கடந்துவிடும். இத்தகைய பெருக்கத்தை எண்ணியே ஆங்கிலப் பாதிரியார் மால்தூஸ் 1798-இல் தம் புகழ்பெற்ற நூலில் மக்கள்தொகை உணவை முந்திவிடும் என்று அஞ்சினார். இப்பெருக்கம் எல்லையின்றிச் செல்லாது, இடமும் உணவும் நிரம்ப நிரம்ப வேகம் தணிந்து ஓர் அளவில் நின்றுவிடும் என்பதைப் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் சமன்பாடாக எழுதிக் காட்டினார். அவ்வளவையே இக்காலத்தார் ஓரிடத்தின் தாங்குதிறன் என்பர்.

பூநாரை வருகையினால் விடையளித்தது. ஈற்றுக்கு ஒரு முட்டையிடும் பறவை, சில ஆண்டுகளில் இலட்சமாகப் பிறந்து பெருகுவது இயலாத காரியம். எங்கெங்கோ சிதறியிருந்தவை, இங்கே நல்ல உணவு கிடைக்கிறதென்று கண்டு ஆண்டுக்காண்டு கூடின. எனவே நம் கழியின் இலட்சம் பறவைகளைக் கொண்டு, உலகில் சிறு பூநாரை இனம் செழிக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆப்பிரிக்காவில் இவ்வினத்தின் பெருந்தொகை வாழும் கிழக்குப் பகுதியிலும் இதே நிலைதான். உணவு உண்பது கென்யாவின் நகுரு, பொகோரியா போன்ற உவர் ஏரிகளில். தவறாமல் முட்டையிடும் இடமோ தான்சானியாவின் நாட்ரான் ஏரி ஒன்றே. அண்மைக் காலத்தில் மிகுமழையால் கென்ய ஏரிகள் பெருகி உவர்ப்புக் குன்றவே, பாசி குறைந்தது. பாசி குறைந்த ஏரிகளிலிருந்து பறவைகளும் அகன்றன. தண்ணீர் மிகுந்ததால் பஞ்சம் வந்தது என்றால் நம் ஊர் உழவர் நம்புவரோ?

மூன்றாவது, மீன். அது குறைவினால் விடையளித்தது. ஐரோலியை ஒட்டிய திவா கிராமத்தில் கோலி மீனவர் வாழ்கின்றனர். அங்கே முதிய மீனவர் ஒருவரிடம் அறிந்த மராத்தியைக் கொண்டு பேசினேன். தம் இளமையில் ஓர் ஏற்ற வற்றத்துக்குள் கூடை நிறைய இறாலும் மடவையும் கிடைத்தன என்றும், இன்று வலையில் ஏறுவது நெகிழித்தாள் என்றும் கூறினார். பூநாரையைக் காட்டி, “அவர்களுக்கு விருந்து, எங்களுக்குப் பட்டினி” என்று சிரித்தார். அச்சிரிப்பில் கசப்பு இருந்தது. காரணம் விளங்காததன்று. மிதமிஞ்சிப் பெருகிய பாசி மடிந்து அழுகும்போது, அதனை உண்ணும் நுண்கிருமிகள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. சாக்கடையின் அழுக்கை உண்ணும் கிருமிகளும் அவ்வாறே செய்கின்றன. பாசிக்கும் பகலில்தான் பிராணவாயு வெளிவிடும் தொழில். இரவில் அதுவும் உட்கொள்ளும். எனவே விடியுமுன் நீர் மூச்சற்றுப் போகும். உணவு நிரம்பிய நீரில் மீன் மூச்சுத்திணறி மாய்கிறது, அல்லது ஒதுங்கிவிடுகிறது. தொழிற்சாலைக் கழிவும், வண்டல் படிந்து கழி தூர்ந்துபோதலும் எஞ்சியதைச் செய்துமுடிக்கின்றன.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது. நம் அடுக்களையிலேயே உள்ளது. நான்கு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்பது வீட்டுக் கணக்கு. உளுந்து ஒரு படியே இருக்கும்போது, அரிசி நாலு மூட்டை இருந்தென்ன? இட்லியின் தொகையை உளுந்துதான் தீர்மானிக்கும். பயிர்களுக்கு இவ்விதி பொருந்துவதை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலார் லீபிக் பரப்பினார். மிகுதியாக உள்ள பொருள் விளைவைத் தீர்மானிப்பதில்லை; தேவையை நோக்க மிகக் குறைவாக உள்ள பொருளே தீர்மானிக்கிறது. மீனுக்குக் குறைந்தது உணவன்று, மூச்சு.

இவ்விதியை மறந்த தீவு ஒன்றின் வரலாற்றைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. பெரிங் கடலில் செயின்ட் மாத்யூ என்றொரு தீவு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், அங்கே தங்கியிருந்த அமெரிக்கக் கடற்காவல் வீரருக்கு அவசர உணவாகுமென 29 துருவக் கலைமான்கள் கொண்டுவந்து விடப்பட்டன. போர் முடிந்து வீரர் சென்றுவிட்டனர், மான்கள் எஞ்சின. அவற்றை வேட்டையாட ஓநாய் இல்லை. கோடையில் பசும்புல்லும், மாரியில் தீவெங்கும் நான்கு விரற்கடைத் தடிப்புக்குப் படர்ந்த பாறைப்பாசியும் இருந்தன. 1957-இல் அலாஸ்கா அறிஞர் டேவிட் கிளைன் சென்று எண்ணியபோது 1,350 மான்கள், 1963-இல் 6,000. இங்கே வருகை என்பதே இல்லை. கடல் சூழ்ந்த தீவு. அத்தனையும் பிறப்பினால் வந்த பெருக்கம். ஆனால் கோடைப் புல் ஆண்டுதோறும் தழைக்கும். மாரிக்காலத்துப் பாறைப்பாசி ஒருமுறை மேய்ந்தால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். 1963–64 மாரியில் பனி கடுமையாகக் கொட்டியது. 1966-இல் கிளைன் மீண்டும் சென்றபோது தீவெங்கும் வெண்ணிற எலும்புகள், உயிரோடிருந்தவை 42. கோடையின் செழிப்பைக் கண்டு எவரேனும் கணக்கிட்டிருந்தால் 6,000 என்பது நல்ல தொகையாகவே தோன்றியிருக்கும்.

நம் பூநாரைகளுக்கு அத்தகைய குறைபொருள் எது? உணவு என்று சொல்லத் தோன்றும். பாசி இன்றைக்குப் போதிய அளவு உள்ளது. கழியில் அலை வற்றும்போது சேற்றுத் திடல் வெளிப்படும். பறவைகள் இறங்கி மேயும். ஆறு மணி நேரத்தில் அலை ஏறிவிடும், திடல் முழுகும். அப்போது ஓர் இலட்சம் பறவைகளுக்கும் கால் வைத்து நிற்க ஆழமற்ற நீர் வேண்டும், அமைதி வேண்டும். நெருல் முதலிய நவி மும்பைச் சதுப்பு நிலங்களும் பாண்டுப்பின் நீர்நிலைகளும்தாம் அந்நேரத்து இருப்பிடம். நம் இரயில்வே மொழியில் கூறின், எத்தனை வண்டிகள் இருந்தாலும் இரவில் நிறுத்திவைக்கப் பணிமனைப் பாதை இல்லையேல் மறுநாள் வண்டி ஓடாது. மேய்ச்சல் நிலம் இருந்தும் நிற்குமிடம் போனால் பறவையும் போய்விடும்.

இது வெறும் ஊகம் அன்று. 2024 ஏப்ரல் மாதத்தில் நெருல் ஏரியருகே பூநாரைகள் இறந்தும் காயமுற்றும் கிடந்தன. அலைநீர் ஏரிக்குள் வரும் வாய்க்கால் அடைபட்டு ஏரி வறண்டிருந்தது. அடுத்த மாதம் 20-ஆம் தேதி இரவு, காட்கோபருக்கு மேலே தரையிறங்க வந்த விமானத்தில் ஒரு கூட்டம் மோதி ஏறத்தாழ 40 பறவைகள் மாண்டன. தங்குமிடங்களில் நேர்ந்த தொல்லையே அவற்றை வழக்கமான பாதையினின்று விலக்கியிருக்கலாம் என இயற்கை ஆர்வலர் ஐயுற்றனர். 2025-இல் மாநில வனவுயிர் வாரியம் அந்நெருல் ஏரியைப் பூநாரைகளுக்கான பாதுகாப்பு ஒதுக்கிடமாக்க ஒப்புதல் அளித்தது. சதுரடிக் கணக்கில் விலை பேசப்படும் இந்நகரத்தில், ஓர் ஏரியை ஏரியாகவே விட்டுவைப்பது எளிய செயலன்று என்பதை வாடகை வீட்டில் இருக்கும் நம்மைவிட யார் நன்கு அறிவர்?

இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்கு என்னிடம் தெளிந்த விடை இல்லை. மும்பை மாநகராட்சி காட்கோபர், பாண்டுப், தாராவி உள்ளிட்ட ஏழு இடங்களில் புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டும் பணியை 2022-இல் தொடங்கியது. மனிதர்க்கும் மீனுக்கும் அது வேண்டிய பணி, ஐயமே இல்லை. அவை முழு அளவில் இயங்கினால் கழிக்கு வரும் உரம் குறையும், உரம் குறைந்தால் பாசி குறையும், பாசி குறைந்தால்? ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரை அடுத்த ஃபோர்த் கழிமுகத்தில் முன்னொரு காலத்தில் பல்லாயிரம் கடல் வாத்துகள் குளிர்காலத்தில் கூடின. நகரச் சாக்கடையோடு வந்த மதுவடி ஆலைகளின் வாற்கோதுமைக் கழிவும், அச்சேற்றில் மலிந்த சிற்றுயிர்களும் அவற்றுக்கு உணவாயின. 1970-ஆம் ஆண்டுகளின் இறுதியில் அந்நகரம் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொடங்கிற்று. வாத்துக் கூட்டம் கரைந்துபோயிற்று. நீர் தூய்மையடைந்ததற்கு அங்கே அடையாளம், பறவை குறைந்தது.

எனவே இன்னும் சில ஆண்டுகளில் நம் கழியில் பூநாரை 1 இலட்சத்திலிருந்து பாதியாகக் குறைந்ததெனச் செய்தித்தாள் எழுதுமாயின், உடனே அழுதுவிடாமல் மூன்றைக் கேட்டறிய வேண்டும். பாசி குறைந்து அவை வேறு மேய்ச்சலுக்குச் சென்றனவா? நிற்க இடமின்றி விரட்டப்பட்டனவா? ரண்ணில் மழை பொய்த்துக் குஞ்சுகள் பிறக்கவே இல்லையா? முதலாவது, மீனவர் வலையில் மடவையைத் திரும்பக் கொணருமாயின், பொறுத்துக்கொள்ளத்தக்க இழப்பு என்பது என் கருத்து. என் மகன் இதனை ஒப்பவில்லை. “மீனும் இருக்கட்டும், பூநாரையும் இருக்கட்டும் அப்பா” என்கிறான். பழைய கழியில் அவ்வளவு பூநாரை இல்லையடா என்றால், “அப்போது நான் இல்லையே” என்கிறான்.

காண விரும்பும் அன்பர்களுக்கு இரண்டொரு சொல். ஐரோலியில் வனத்துறையின் கண்டல் பிரிவினர் நடத்தும் கடலோர உயிரினப் பன்மை மையத்திலிருந்து படகில் அழைத்துச் செல்வர். மாசி முதல் சித்திரை வரை செல்வது நலம். படகு புறப்படும் நேரம் அலையைப் பொறுத்து நாள்தோறும் மாறுமாதலின், முன்னதாகவே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். காலை வெயிலுக்குக் குழந்தைகளுக்குத் தொப்பியும், குடிக்க நீரும் எடுத்துச் செல்லுதல் நன்று. நாங்கள் சென்றிருந்த அன்று அலை ஏறத் தொடங்கும் வேளை. நீர் முழங்காலைத் தொட்டதும் முன்வரிசைப் பறவைகள் மேய்ச்சலை விட்டுத் தலை நிமிர்ந்தன. சற்று நேரத்தில் திடல் முழுவதும் எழுந்து தெற்கே நெருல் பக்கம் பறந்தது. படகோட்டி மணியைப் பார்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவரையும் அழைத்துச் செல்வதாக இருக்கிறேன்; இரண்டு இடம் பதிவு செய்தாயிற்று.